முன்கையில் முகவரி

குவாதலஹாராவில் பதினோரு அறைகள் கொண்ட விடுதி.
இரவு மேசை என்னுடையது.
பெயர் ரெஃபூஹியோ. அடைக்கலம் என்று அர்த்தம்.
அதை வைத்த அப்பாவுக்கு
வீட்டு வாடகை கட்ட வக்கில்லை.

கோப்பை தொடங்கிய வாரம்
தலையணை உறைகளைவிட வேகமாக மாறின முகங்கள்.
எல்லோருக்கும் ஒரே பல்லவி:
பாஸ்போர்ட் இரும்புப் பெட்டிக்குள், நகல் உன் பைக்குள்.
பணம் எடுப்பதென்றால் வங்கிக்குள் இருக்கும் எந்திரத்தில்,
தெருமுனையில் தனியாக நிற்பதில் வேண்டாம்.
டாக்ஸியை நான் கூப்பிடுவேன்,
டாக்ஸி உன்னைக் கூப்பிட்டால் ஏறாதே.
தோற்ற அணியின் சட்டையைப் பார்த்துச் சிரிக்காதே,
வென்ற அணியின் சட்டையைப் பார்த்தும்.
முக்கியமாக மழை.
அது வந்தால் சுரங்கச்சாலைக்குள் இறங்காதே,
இங்கே தண்ணீர் கணுக்காலிலிருந்து கழுத்துக்கு
இடுப்பைத் தொடாமலே ஏறும்.

மூன்றாம் அறைப் பெண்கள் இருவரும்
ஆளுக்கொரு விசில் கேட்டார்கள்.
என் மகன் நடுவராக இருந்தபோது ஊதியது ஒன்று இருந்தது.
இன்னொன்று கடன் வாங்கினேன்.

ஏழாம் அறைக்காரர் ஷுஹ்ரத், நமங்கானிலிருந்து.
கதவு நிலையில் நெற்றி இடிக்கும் உயரம்.
உஸ்பெக், கொஞ்சம் ரஷ்யன், மீதிக்குச் சிரிப்பு.
மொழிபெயர்க்கும் போனை என் வாயருகே நீட்டினார்.
நான் சொன்ன சுரங்கச்சாலை அதற்குள் என்னவானதோ,
"கல்லறைக்கெல்லாம் நான் போவதில்லை" என்று பதில் வந்தது.

போன் செத்தால்? சைகையில் கேட்டேன்.
தோளைக் குலுக்கினார்.
அவர் முன்கையைத் திருப்பி மேசை விளக்கடியில் வைத்து
விடுதிப் பெயர், தெரு, கதவு எண், தொலைபேசி,
மாட்டுக்கு முத்திரை குத்துகிற மாதிரி எழுதினேன்.
மற்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.
ஆட்டத்தன்று காலை
அத்தனை பேரும் கை நீட்டி வரிசையில் நின்றார்கள்.

அன்றிரவு மழை.
யார் ஜெயித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை,
சாவிப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பன்னிரண்டரைக்குப் பத்துக் கொக்கிகள் காலி.
ஏழில் சாவி.
ஒன்றே கால்.
ஏழில் சாவி.

இரண்டு மணிக்கு இரைச்சலுக்குள் ஒரு பெண்குரல்:
"இது உங்க எழுத்தா? கடைசி எண்ணைத் தண்ணி தின்னுடுச்சு.
ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தேன், நீங்க ஏழாவது ஆள்.
முன்னாடி ஆறு பேரும் திட்டினாங்க."

பெயர் ஓத்திலியா. மேம்பாலத்தடியில் ரொட்டி விற்கும் தள்ளுவண்டி.
வெள்ளம் வண்டியை இழுத்தபோது
யாரோ நீலச்சட்டைக்காரன் இறங்கி
கேஸ் சிலிண்டரைக் கைக்குழந்தை மாதிரி
நெஞ்சோடு அணைத்து நின்றானாம்.
அவன் போனுக்கு மட்டும் நீந்தத் தெரியவில்லையாம்.

"சொன்ன பேச்சைக் கேட்காத ஆள்" என்றேன்.
"யார் சொன்ன பேச்சை?" என்றாள்.
நான் பதில் சொல்லவில்லை.

அந்நியர் வண்டியில் ஏறாதே என்பதும் என் பட்டியலில் உண்டு.
அவள் மைத்துனனின் தக்காளி லாரியில்தான்
வந்து இறங்கினார்.

மூன்று மணி. தரையெல்லாம் சேறு.
மூச்சு விடாமல் ஸ்பானிஷில் திட்டினேன்.
போன் இல்லாததால் எல்லாம் புரிந்தது அவருக்கு.
துண்டு கொடுத்தேன். அவர் என் பேனாவைக் கேட்டார்.
என் இடக்கையைத் திருப்பி அதே விளக்கடியில் வைத்து,
முதல் வகுப்புப் பையன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு,
நமங்கானில் ஒரு தெரு, ஒரு வாசல் எண்.

நான் தெபிக்கைத் தாண்டி எங்கும் போனதில்லை.
போகப்போவதும் இல்லை,
விமானம் என்றாலே வயிறு கலங்கும்.

விடிந்ததும் வீட்டுக்குப் போய்க் குளித்தேன்,
இடக்கையை மட்டும்
திரைக்கு வெளியே நீட்டியபடி.